விடை வரத் தாழ்ப்பது ஏன்?

(ஈஜிபுராவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் வளர்க்கும் மேடையில் பொறியின் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதற்கு இங்குக் கூடியிருப்போரே சான்று. ஈஜிபுராவிலும், அடுத்துள்ள விவேக்நகர், நீலசந்திரா, கோரமங்கலப் பகுதிகளிலும் வாழும் நம்மவருள் முந்தைய தலைமுறையினர் பலர் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தவர்கள். 2001இல் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபின் பிழைப்புத் தேடி இந்நகர்க்கு வந்தவர்களும் உளர். அவர்தம் மக்களுள் எத்தனையோ பேர் இன்று கண்காணா நாட்டு வங்கிகளுக்கும் காப்பீட்டுக் கழகங்களுக்கும் இரவெல்லாம் விழித்திருந்து கணக்கு எழுதுகின்றனர். அவர்கள் எழுதும் பேரேடு இவ்வூரில் இல்லை. கடல் கடந்த ஏதோ ஒரு நகரில், மெயின்பிரேம் என்று பொறியாளர் வழங்கும் பெருங்கணிப்பொறிக்குள் இருக்கின்றது. இங்கு விசையை அழுத்தியபின் அங்கிருந்து விடை வர எத்தனை நொடி ஆகின்றது என்பது, ஒருவருடைய உழைப்பை அளக்கும் கோலாகிவிடுகின்றது. சிலவேளை அவருடைய வேலையே அந்த நொடிகளைப் பற்றிக்கொண்டு தொங்குகின்றது. ஆதலின் அந்நொடிகளைப் பற்றி நம் மொழியில் பேசிக்கொள்வது தேவையே.

நடந்த ஒன்றைக் கூறுகின்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டா. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த ஒரு காப்பீட்டுக் கழகம், தன் கணக்கு வேலையின் ஒரு பகுதியை இங்கு ஒப்படைத்திருந்தது. ஆறு திங்கள் கழிந்ததும் அங்கிருந்து ஒரு குறை வந்தது: தங்கள் ஊர்ப் பணியாளர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் கோப்புகளில் பாதியைக்கூடப் பெங்களூர்ப் பணியாளர் முடிப்பதில்லை, பயிற்சி போதாது, அல்லது முயற்சி போதாது என்று. இருபது பேர் கொண்ட அந்தக் குழுவைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அவர்களுள் பெரும்பாலோர் நம் பிள்ளைகள். தருமபுரி, கிருட்டிணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்தினர். கலைக்குமுன் ஒருமுறை பிணையத்தை ஆராயலாம் என்று ஒருவர் சொல்லியதால் என்னை அழைத்தனர்.

நான் சென்றபோது மூன்று கட்சிகள் இருந்தன. பெருங்கணிப்பொறியைக் காப்போர், 'எங்கள் பொறி அரை நொடியில் விடை தருகின்றது. குறை பிணையத்தில்தான்' என்றனர். பிணையத்தைக் காப்போர், 'எங்கள் பாதையில் கால்பங்குகூட நிரம்பவில்லை. குறை பொறியில்தான்' என்றனர். இரு தரப்பினரும் பணியாளரைக் கைகாட்டியது மூன்றாவது கட்சி. ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இத்தொழிலில் வேடிக்கை. தத்தம் வேலிக்குள் அளந்தால் எல்லா எண்ணும் நல்ல எண்ணாகவே இருக்கும்.

அந்தப் பணியாளரின் திரை எவ்வாறு இயங்கிற்று என்று பார்ப்பதற்குமுன், பழைய திரை எவ்வாறு இயங்கிற்று என்று அறிதல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம் 360 என்னும் பொறிக்குடும்பத்தை 1964 ஏப்ரல் 7ஆம் நாள் அறிவித்தது. 1971இல் 3270 என்னும் முனையங்கள் வந்தன. கருந்திரையில் பச்சை எழுத்து மின்னுமே, அதுதான். அதன் அமைப்பில் ஓர் ஆழ்ந்த சிக்கனம் இருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் தட்டும்போது அது தலைமைப் பொறியை அழைக்காது. படிவம் முழுவதையும் நிரப்பி முடித்து 'என்டர்' விசையை அழுத்தினால்தான், நிரப்பியவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும்; விடையும் ஒரே பக்கமாக வரும். ஒரு வினா, ஒரு விடை. ஒரு போக்கு, ஒரு வரவு. அந்நாளில் தொலைபேசிக் கம்பிகள் மிக ஒடுங்கியவை; ஒடுங்கிய வழியில் வாழக் கற்றவன் வீண்நடை நடக்கமாட்டான்.

நம் பணியாளருக்குத் தரப்பட்டதோ புதிய திரை. பல வண்ணமும் சாளரமும் பொத்தானும் கொண்டது. அதை வடித்தவர் பெருங்கணிப்பொறி இருந்த அதே கட்டடத்தில் இருந்து வடித்தவர். ஒரு வாடிக்கையாளரின் கோப்பைத் திறந்தால், அந்த மென்பொருள் முதலில் பெயரைக் கேட்கும். பெயர் வந்தபின் முகவரியைக் கேட்கும். அது வந்தபின் பாலிசியைக் கேட்கும். பின் தவணைகளை ஒவ்வொன்றாய்க் கேட்கும். தடப்பதிவு எடுத்து எண்ணினோம். ஒரு கோப்பைத் திறக்க முப்பது போக்குவரவு. அவர்கள் ஊரில் ஒரு போக்குவரவுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு. முப்பதும் சேர்ந்து அரை நொடியும் ஆகாது. இங்கிருந்து அமெரிக்கா சென்று மீள ஏறக்குறையக் கால் நொடி. முப்பது கால் நொடிகள் ஏழரை நொடி. பொறி தன் வேலைக்கு எடுத்துக்கொண்ட நேரம் வேறு. ஆக, அங்கு ஒன்றரை நொடிக்குள் திறக்கும் கோப்பு, இங்கு எட்டு நொடிக்குமேல் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு கோப்பு என்று பெருக்கிப் பாருங்கள். சோம்பல் எங்கே இருந்தது?

அந்தக் கால் நொடியைக் குறைக்க இயலாதா என்று அந்நிறுவனத்தின் மேலாளர் கேட்டார். குறைக்கலாம், பூமியைச் சிறிதாக்கினால். ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கின்றது. கண்ணாடி இழைக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் செல்கின்றது. பெங்களூரிலிருந்து நியூயார்க்குக்கு நேர்க்கோடு இழுத்தாலும் 13,000 கிலோமீட்டர்க்கு மேல். போக வர 26,000. இந்தக் கணக்கின்படியே நொடியில் எட்டில் ஒரு பங்குக்குமேல் போய்விடுகின்றது. கடலடி வடமோ நேர்க்கோட்டில் செல்வதில்லை. மும்பையிலோ சென்னையிலோ கடலில் இறங்கிக் கண்டங்களைச் சுற்றிக்கொண்டு செல்வது. இடையில் நிற்கும் பொறிகளும் தம் பங்குக்குச் சிறிது எடுத்துக்கொள்ளும். எத்தனை கோடி செலவிட்டாலும் ஒளியை ஓட்ட முடியாது. ஆனால் முப்பது நடையை மூன்று நடையாக்க முடியும். அதையே செய்தனர். பெயரும் முகவரியும் பாலிசியும் தவணையும் ஒரே கேள்வியாகக் கேட்கப்பட்டன. எட்டு நொடி இரண்டுக்குக் கீழே வந்தது. குழுவைக் கலைக்கும் பேச்சும் அடங்கிற்று. குறை கூறிய மடலை எவரும் திரும்பப் பெற்றதாக மட்டும் நினைவில்லை.

அந்த நிறுவனம் என்னை அழைக்குமுன்னரே ஒரு மருத்துவம் செய்து பார்த்திருந்தது. பாதையின் அகலத்தை இருமடங்காக்கியது. அதற்குத் திங்கள்தோறும் இருமடங்கு பணமும் செலுத்தியது. பயன் இல்லை. பாதை அகலமாவதும் பயணம் விரைவாவதும் வேறு வேறு. ஓசூர்ச் சாலையை எட்டு வழியாக்கினாலும் ஓசூர் ஓர் அடிகூடப் பெங்களூரை நெருங்காது அல்லவா?

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இணையப் பொதிகளை ஒழுங்காகக் கொண்டு சேர்க்கும் டி.சி.பி. என்னும் நெறிமுறையில், ஒப்புகை வருமுன் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று ஒரு வரம்பு இருக்கின்றது. பழைய முறையில் அவ்வரம்பு 64 கிலோபைட். கால் நொடிக்கு ஒருமுறைதான் ஒப்புகை வரும் என்றால், நொடிக்கு நான்கு வரம்பு, அதாவது 256 கிலோபைட்டுக்குமேல் ஒரு தொடர்பில் ஒருநாளும் செல்லாது. பாதை நூறு மடங்கு அகலமாயினும் இதே நிலைதான். இவ்வரம்பை விரிக்கும் முறை 1992இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் இருமுனையிலும் அதை இயக்கிவைத்தால்தான் பயன். ஒருமுனையில் எவரோ ஒருவர் மறந்திருப்பார். கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய பாதை காற்று வாங்கிக் கிடக்கும்.

இனி, காத்திருப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். தூரத்தால் வரும் தாமதம் இரவும் பகலும் ஒன்றாகவே இருக்கும். காலை நன்றாக இருந்து, முற்பகலில் நலிந்து, நண்பகல் உணவு வேளையில் தெளிந்து, மாலையில் மீண்டும் நலியும் நோய் தூரத்தின் நோய் அன்று. அது வரிசையின் நோய். ஈஜிபுரா சிக்னலில் நின்றவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து கேந்திரிய சதன் வரை மேம்பாலம் கட்டும் வேலை 2017இல் தொடங்கிற்று. தூண்கள் பல ஆண்டுகள் பாலத்தை எதிர்பார்த்து நின்றன. அத்தூண்களுக்கிடையே நாமும் நின்றோம். வண்டிகள் சற்றே மிகுந்தால் தாமதமும் சற்றே மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. டென்மார்க் நாட்டு அறிஞர் ஏ.கே. எர்லாங் என்பார் கோபன்ஹேகன் தொலைபேசிக் கழகத்தில் பணியாற்றியபோது, 1909இல், இத்தகைய வரிசைகளின் கணக்கை முதன்முதலில் வகுத்தார். அவர் தொடங்கிய வழியில் பின்னோர் கண்ட எளிய முடிவு ஒன்றைச் சொல்கின்றேன். ஒரே சாளரம், ஆட்கள் முன்பின் தெரியாமல் வருகின்றனர், ஒருவர்க்குச் சராசரி ஒரு நிமிட வேலை. சாளரம் பாதி நேரம் வேலையாக இருந்தால் ஒருவர் உள்ளே நுழைந்து வெளியேற இரண்டு நிமிடம். நூற்றுக்கு 80 பங்கு வேலையாக இருந்தால் ஐந்து நிமிடம். 90 பங்கானால் பத்து. 95 பங்கானால் இருபது. 90க்கும் 95க்கும் இடையே ஐந்து பங்குதான் கூடிற்று, காத்திருப்போ இரட்டித்துவிட்டது. பிணையத்தைக் காப்போர் 'சராசரியாகப் பாதை 60 பங்குதான் நிரம்பியிருக்கின்றது' என்று ஒருநாள் கணக்கைக் காட்டும்போது, அந்தச் சராசரிக்குள் முற்பகல் பதினொரு மணி ஒளிந்திருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். நள்ளிரவின் வெறுமையைச் சேர்த்து வகுத்தால் எந்தச் சாலையும் நல்ல சாலையே.

அயல்நாட்டுக் கழகங்களை விடுவோம். பொங்கலுக்கு ஊர் செல்லும் நாம் அனைவரும் அறிந்த ஒரு பெரும்பொறி உண்டு. அதுதான் இரயில்வே முன்பதிவுப் பொறி. ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் இந்தியாவை விட்டு நீங்கியபோது, அது விட்டுச் சென்ற பொறிகளைப் பேணும் பணியை ஏற்றது சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனம். அதே நிறுவனம் வடித்த இம்ப்ரெஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு 1985இல் புதுடில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. அதற்குமுன் தடித்த பேரேடுகள். இன்ன வண்டிக்கு இன்ன சாளரம் என்ற கட்டுப்பாடு. சாளரம் மாறி நின்றவர்க்கு மீண்டும் வரிசை. பின்னர், 1986இல் தோன்றிய கிரிஸ் என்னும் இரயில்வே தகவல் மையம் கான்செர்ட் என்னும் மென்பொருளை வடித்தது. அது 1994இல் செகந்திராபாத்தில் முதலில் இயங்கிற்று; 1999 ஏப்ரலில் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. அவை டிஜிட்டல் நிறுவனத்தின் வேக்ஸ், ஆல்ஃபா வகைப் பொறிகள். இலக்கணப்படி மெயின்பிரேம் என்று கூறப்படா. ஆயினும் செய்த தொழில் மெயின்பிரேமின் தொழிலே.

இந்தப் பிணைப்பில் உள்ள அருமையைப் பலர் உணர்வதில்லை. ஒரே படுக்கையை இரண்டு ஊரில் இருவர்க்குக் கொடுத்துவிடக் கூடாது. ஆகவே ஒருவர் கேட்கும் நொடியில் அந்த வண்டியின் கணக்கைப் பூட்டி, கொடுத்து, திறக்கவேண்டும். எந்த மையம் அந்த வண்டியின் கணக்கை வைத்திருக்கின்றதோ அங்கேதான் பூட்டு. பெங்களூரில் நின்று புதுடில்லி வண்டிக்குக் கேட்டாலும் கேள்வி அம்மையம் வரை போய்த்தான் திரும்பும். பாதை எவ்வளவு நன்றாயினும், பொறி எவ்வளவு வலிதாயினும், ஒரே வண்டிக்கு ஒரே வேளையில் ஆயிரம் பேர் கேட்டால், ஒரே பூட்டின் முன் ஆயிரம் பேர் நிற்பர். இது பிணையத்தின் தாமதமும் அன்று, பொறியின் தாமதமும் அன்று, கணக்கேட்டின் தாமதம். ஆராய்வோர் பலர் இவ்விடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை.

2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழிச் சீட்டைத் தொடங்கியபின், வரிசை சாளரத்தை விட்டு நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2014ஆம் ஆண்டு இரயில்வே வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்த அமைச்சர் சதானந்த கவுடா அவர்கள், அன்று இந்நகரின் உறுப்பினராக இருந்தவரே, புதிய அமைப்பு நிமிடத்திற்கு 7,200 சீட்டுகள் தரும் என்றும், ஒரே வேளையில் 1,20,000 பேரைத் தாங்கும் என்றும் கூறினார். இவ்விரண்டு எண்ணையும் அருகருகே வையுங்கள். ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் மெய்ப்பித்த விதி ஒன்று உண்டு: உள்ளே இருப்போர் தொகையை, நிமிடத்திற்கு வெளியேறுவோர் தொகையால் வகுத்தால், ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரம் கிடைக்கும். கோயிலுக்கும் பொருந்தும், நியாயவிலைக் கடைக்கும் பொருந்தும். ஒவ்வொருவரும் ஒரு சீட்டுப் பெற்றே வெளியேறுவார் என்று கொண்டால், 1,20,000ஐ 7,200ஆல் வகுக்கப் பதினாறு நிமிடத்திற்குமேல் வருகின்றது. தட்கல் பதிவு தொடங்கி முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே படுக்கைகள் தீர்ந்துவிடும் நாளில், பதினாறு நிமிடச் சராசரி என்பது பலர்க்கு 'இல்லை' என்பதன் மறுபெயர். பழைய வகைப் படுக்கைப் பெட்டி ஒன்றில் 72 இடந்தான். எழுபத்து மூன்றாமவர்க்குப் பிணையம் மெதுவாக இருந்ததாகவே தோன்றும். அவரைக் குறைகூற எனக்கு மனம் இல்லை; பொங்கலுக்கு முதல்நாள் நானும் அவர் நிலையில் நின்றவன்.

வரிசைக்கும் தூரத்திற்கும் அப்பால் வேறொரு வகை உண்டு. அதுவே எனக்கு மிக விருப்பமானது. ஏனெனில் அங்கேதான் எண்களே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ஓர் அலுவலகத்தில் ஒவ்வொரு விடையும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாழ்ந்து வந்தது. காலையும் அதுவே, நள்ளிரவும் அதுவே. பெருங்கணிப்பொறி இருந்ததோ அடுத்த மாடியில். ஆகவே தூரம் இல்லை. ஏறி இறங்காத தாமதமாதலின் வரிசையும் இல்லை. கடிகாரம் ஒன்றே இத்தனை ஒழுங்காகத் தாழ்த்தும். எங்கோ ஒரு பொறி 200 மில்லிநொடி வேண்டுமென்றே காத்திருக்கின்றது என்று முடிவு செய்தேன்.

ஜான் நேகிள் என்பார் 1984இல் ஒரு சிக்கன விதியைக் கூறினார்: சிறுசிறு பொதிகளை அனுப்பிப் பாதையை நிரப்பாதே, முன் அனுப்பியதற்கு ஒப்புகை வரும்வரை அடுத்த சிறு பொதியைக் கையில் வைத்திரு. நல்ல விதி. மறுமுனையில் இன்னொரு சிக்கன விதி: வெறும் ஒப்புகையை அனுப்பி ஒரு நடையை வீணாக்காதே, சிறிது பொறுத்திரு, விடை தயாரானால் அதனுடன் சேர்த்தே அனுப்பலாம். இதுவும் நல்ல விதி. இரண்டு நல்ல விதிகளும் ஒரே கம்பியின் இருமுனையில் சந்தித்தால் என்ன ஆகும்? பாதிக் கேள்வியை அனுப்பியவன் ஒப்புகைக்குக் காத்திருக்கின்றான். ஒப்புகை தரவேண்டியவன், கேள்வி பாதிதான் வந்திருப்பதால் விடை கூற வழியின்றி, முழுமைக்குக் காத்திருக்கின்றான். சம்பந்தி வீட்டார் முதலில் பேசட்டும் என்று இரு வீட்டாரும் இருப்பது போன்றது இது. 200 மில்லிநொடி கழிந்ததும் பொறுமை தீர்ந்து ஒப்புகை புறப்படும், வேலை நடக்கும். அடுத்த கேள்விக்கு மீண்டும் அதே மௌனம். கேள்வியைப் பாதி பாதியாக அனுப்பாமல் முழுதாக அனுப்புமாறு நிரலில் ஒரு வரியை மாற்றினோம், நோய் தீர்ந்தது. அதற்குமுன் புதிய செயலி வாங்க அவர்கள் விலைப்புள்ளி கேட்டிருந்தனர் என்பதையும் சொல்லிவைக்கின்றேன்.

இதுபோல் வேறு சில எண்களும் கைரேகை போல் ஆளைக் காட்டும். தொடர்பு தொடங்கும்போதே மூன்று நொடி, அல்லது ஒன்பது நொடி தாழ்ந்தால், முதற் பொதி வழியில் தொலைந்தது என்று கொள்ளலாம். பழைய நெறிமுறையில் முதல் மறுமுயற்சிக்கு மூன்று நொடி, அதற்கடுத்ததற்கு ஆறு நொடி என்று இரட்டித்துக் காத்திருப்பர். 2011இல் அந்த மூன்றை ஒன்றாக்கி விதி திருத்தப்பட்டது. ஆதலின் தொலைவதும் காலத்தைப் பொறுத்து வேறு எண்ணில் வெளிப்படும்.

பொதி தொலைவது சிறு குறையா என்று கேட்பவர்க்கு 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் நடந்ததைச் சொல்வேன். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே 400 கெஜம்தான். இந்த மண்டபத்திலிருந்து சிக்னலுக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கு நொடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த பாதையில் ஒருநாள் நொடிக்கு 40 பிட் மட்டுமே சென்றது. கம்பி அறவில்லை, பொறி கெடவில்லை. நெரிசலில் பொதி தொலைந்தது, தொலைந்ததை எல்லோரும் உடனே மீண்டும் அனுப்பினர், அதனால் நெரிசல் பெருகிற்று, மேலும் தொலைந்தது, மேலும் அனுப்பினர். வேன் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் அதை ஆராய்ந்து, தொலைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள், தெளிந்தால் மெல்ல மெல்லக் கூட்டு என்ற முறையை வகுத்து 1988இல் வெளியிட்டார். இன்று உலகின் பிணையங்கள் குலையாமல் நிற்பதற்கு அம்முறையும் அதன் வழிவந்தவையும் பெருங்காரணம். இடம் கொடுத்து ஓட்டும் பண்பைப் பொதிகளுக்குக் கற்பிக்க முடிந்தது. நம் சிக்னலில் நிற்போர்க்கு இன்னும் முடியவில்லை.

மூன்று கட்சிகளுக்கும் இடையே வழக்கைத் தீர்ப்பது எப்படி? பச்சைத்திரை முனையங்களை இணையத்தின் வழி இயக்கும் முறைக்கு டி.என்.3270 என்று பெயர். அதன் வளர்ந்த வடிவில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. இடையில் நிற்கும் வழங்கி, பணியாளரின் கேள்வி வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பெருங்கணிப்பொறியிடமிருந்து விடை வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். விடையை முனையத்திற்கு அனுப்பும்போதே, 'கிடைத்ததும் எனக்குச் சொல்' என்று கேட்கும். அந்தச் சொல் வந்த நேரத்தையும் குறிக்கும். முதல் இடைவெளி பொறியின் பங்கு. இரண்டாவது இடைவெளி பாதையின் பங்கு. எவர் வேலிக்குள்ளும் நில்லாமல், வேலியின்மேல் நின்று அளக்கும் அளவு இது. இதைச் செய்யாமல் நள்ளிரவில் நாற்பது பேரைத் தொலைபேசியில் கூட்டி வைத்துக்கொண்டு விவாதிப்பது நம் ஊரில் பெருவழக்காக இருக்கின்றது. நாற்பது பேர் நான்கு மணி நேரம் பேசினால் நூற்று அறுபது மணி நேரம். அளப்பதற்கு அரைமணி போதும்.

விடை தாழ்ப்பதால் பணியாளர் இழப்பது அந்த நொடிகளை மட்டும் அன்று. 1982இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டோஹர்ட்டி, தடானி என்னும் இருவர் இதை ஆராய்ந்து எழுதினர். பொறி விடைதரும் நேரம் குறைந்தபோது, அடுத்து என்ன செய்வது என்று மனிதர் எண்ணும் நேரமும் கூடவே குறைந்தது என்று கண்டனர். விடைக்குக் காத்திருக்கையில் எண்ணத் தொடர் அறுந்துபோகின்றது; விடை வந்தபின் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட மேலும் நேரம் செல்கின்றது. எட்டு நொடித் திரையின் முன் அமர்ந்த பிள்ளை சோர்ந்திருந்ததைக் கண்டு, அவனுடைய சோர்வால்தான் வேலை தாழ்கின்றது என்று அங்குள்ளோர் முடிவு கட்டினரே. காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிய முடிவு அது.

எல்லாவற்றையும் அளந்தும் பிடிபடாத நாள் சில உண்டு. 2008 சனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடி வடங்கள் இரண்டு அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே செல்லும் செய்திகளில் பெரும்பகுதி வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டது. நெடுவழி சுற்றியதால் போக்குவரவு நேரம் கூடிற்று. குறுகிய வழியில் நெரிந்ததால் வரிசையும் கூடிற்று. முதல்நாள் வரை செம்மையாக இருந்த திரைகளைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எந்தப் பொறியைப் பிரித்துப் பார்த்தும் பயனில்லை. செய்தித்தாளைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

பின்வரிசை இளைஞர்களுக்கு ஒன்று. 'திரை மெதுவாக இருக்கின்றது' என்று மட்டும் எழுதி முறையீட்டை அனுப்பாதீர்கள். அதைப் படிப்பவர் மூடிவைத்துவிடுவார். எத்தனை மணிக்கு, எந்தத் திரையில், எத்தனை நொடி. அடுத்த இருக்கைக்காரர்க்கும் அப்படியா. எல்லாத் திரைக்கும் அப்படியா, அந்த ஒன்றுக்கு மட்டுமா. எப்போதும் ஒரே அளவா, ஏறி இறங்குகின்றதா. இவற்றைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் பத்துமுறை குறித்து அனுப்புங்கள். அந்தக் காப்பீட்டுக் கழகத்து வழக்கில் எனக்கு முதற்சான்றாகக் கிடைத்ததும் அத்தகைய ஒரு தாள்தான். திருப்பத்தூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி, எவரும் கேளாமலே, தன் திரையின் நொடிகளை மூன்று வாரம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். எல்லா நாளும், எல்லா மணியிலும், எட்டு நொடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைக் கண்டதுமே வரிசையைப் பற்றிய ஐயத்தை விட்டுவிட்டுப் போக்குவரவை எண்ணத் தொடங்கினேன்.

அடுத்த நிகழ்ச்சி சிறுவர் நாடகம். திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிய பிள்ளைகள் நெடுநேரமாக வரிசையில் நிற்கின்றனர். அவர்தம் தாமதத்திற்கு இப்போது காரணம் நான் ஒருவனே.